தனுஷ்கோடிப் புயல்: அம்மாவிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

1964 டிசம்பர் 22 இரவு என் அம்மா தனுஷ்கோடியில் இருந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் பிறந்தால் யாராவது வந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் எழுதிவரச் சொன்னார்கள் என்று பிள்ளைகள், கேமராவோடு இளைஞர்கள், ராமேஸ்வரத்துக்குத் தரிசனத்துக்கு வந்த தூரத்து உறவினர்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. போன வருஷம் அம்மாவுக்கு அலுத்துவிட்டது. "நீ எழுதி வச்சிருய்யா, வர்றவங்க படிச்சிட்டு வரட்டும்" என்றாள்.

அம்மா கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, நான் படித்துத் தெரிந்துகொண்டது என்று மூன்று வகை விஷயங்கள் இதில் இருக்கின்றன. முடிந்தவரை பிரித்தே எழுதியிருக்கிறேன்.

அன்றிரவு கடல் அடித்துப்போன ரயிலை உங்கள் அம்மா பார்த்தாரா?

இல்லை. முதல் கேள்வி எப்போதும் இதுதான், அம்மாவின் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "நான் பார்க்கலை." கேட்டவர்கள் முகம் வாடிப்போகும். சிலர் விடமாட்டார்கள். சத்தமாவது கேட்டிருக்குமே, கூவலாவது கேட்டிருக்குமே என்று குடைவார்கள். அந்தக் காற்றில் பக்கத்தில் நின்ற ஐயா கத்தியதே காதில் விழவில்லை என்பாள். அம்மா தன் அப்பாவை 'ஐயா' என்றுதான் சொல்வாள், எனக்குத் தாத்தா.

என் சித்தி, அம்மாவின் தங்கை, அன்றைக்கு எட்டு வயதுப் பெண். கூவல் கேட்டது என்று அவள் சொல்வாள். அக்காவும் தங்கையும் இதற்காக என் முன்னாலேயே சண்டை போட்டிருக்கிறார்கள். நான் யார் பக்கமும் பேசுவதில்லை.

சரி, ரயிலுக்கு உண்மையில் என்ன ஆனது?

இது படித்துத் தெரிந்தது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653 எண் பாசஞ்சர், அன்றிரவு பாம்பனை விட்டுக் கிளம்பியது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்பது பதிவாகியிருக்கும் கணக்கு. தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது கடல் அதை அப்படியே அடித்துப் புரட்டியது. ஒருவரும் மிஞ்சவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அந்த 115-இல் சேரவில்லை என்ற பேச்சு ஊரில் இன்றும் உண்டு. தந்திக் கம்பி எல்லாம் அறுந்துபோனதால், ரயில் போன செய்தி 25-ஆம் தேதிவாக்கில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுகிறேன். ரயில் பாம்பன் பாலத்தில் இருந்து கடலில் விழவில்லை. பாம்பன் ஸ்டேஷன் தீவுக்குள்ளேதான் இருக்கிறது. அங்கிருந்து தனுஷ்கோடி போகப் பாலத்தைத் தொட வேண்டியதே இல்லை. இன்னொன்று, அது போட் மெயில் இல்லை. போட் மெயில் எழும்பூரில் இருந்து வரும் பெரிய வண்டி. 653 உள்ளூர்க்காரர்கள் போய்வரும் வண்டி.

பாலத்துக்கு என்ன ஆனது?

பாலமும் தனியாக அடிவாங்கியது. கப்பலுக்குத் திறந்துவிடும் நடுப்பகுதி தப்பியது, ஆனால் தூண்களுக்கு மேல் இருந்த இரும்பு உத்திரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை கடலுக்குள் போய்விட்டன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். கடலுக்குள் கிடந்த உத்திரங்களைத் தேடித் தூக்கி, 46 நாளில் பாலத்தை நிமிர்த்திவிட்டார். பிறகு டெல்லி மெட்ரோ கட்டினாரே, அதே ஸ்ரீதரன்தான்.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது டிவியில் காட்டினார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

புயலுக்கு முன்னால் தனுஷ்கோடி எப்படி இருந்தது?

இதை யாராவது முதல் கேள்வியாகக் கேட்டால் அம்மாவுக்கு அவர்களை உடனே பிடித்துவிடும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வாள்.

இன்று போகிறவர்கள் இடிந்த சுவர்களைப் பார்த்துவிட்டு ஏதோ மீனவர் குப்பம் என்று நினைக்கிறார்கள். அது ஒரு துறைமுக ஊர். ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ச், கோயில், சத்திரம் எல்லாம் இருந்தன. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததில் இருந்து சென்னைக்கும் கொழும்புக்கும் அதுதான் வழி. ஒரே டிக்கெட்டில் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறி, சுமார் 30 கிலோமீட்டர் தாண்டித் தலைமன்னாரில் இறங்கினால் அங்கே கொழும்புக்கு ரயில் நிற்கும்.

தாத்தா அந்தத் துறையில் போர்ட்டர். ரயிலில் இருந்து கப்பலுக்கும் கப்பலில் இருந்து ரயிலுக்கும் பெட்டி சுமப்பார். ஐயா வீட்டுக்கு வரும்போது அவர் தலைத்துணியில் என்ன வாசனை அடிக்கிறது என்று மோந்து பார்ப்பார்களாம். ஏலக்காய் என்றால் கொழும்புப் பெட்டி, நாப்தலின் உருண்டை என்றால் மதராஸ் பெட்டி. சோப்பு வாசனை வந்தால் சண்டை. உடைந்த சோப்புத் துண்டு ஒன்று ஐயாவின் மடியில் இருக்கும், அது யாருக்கு என்று.

அம்மாச்சி கருவாடு காயப்போட்டு விற்றாள். ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும், அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா எப்போதும் இரைந்துகொண்டிருக்கும், அது ஆண் கடல். பிள்ளைகளைக் குளிக்கவிடுவது பெண் கடலில்தான். குடிதண்ணீருக்கு மணலைக் கையால் தோண்டினால் போதும், ஊற்று வரும். இரண்டு உப்புக் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர். இன்றும் அங்கே குடிசை போட்டிருப்பவர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

அந்த இரவு என்ன நடந்தது?

அம்மா சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. அரையாண்டுப் பரீட்சை நேரம். காலையில் இருந்தே காற்று. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் இருந்து வரும்போது மணல் பறந்து கெண்டைக்காலில் ஊசி மாதிரி குத்தியது. காற்றும் மழையும் அந்த ஊருக்கு மார்கழியில் புதிதில்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாத்தா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வந்த சந்தோஷத்தில் மற்றது மறந்துபோனது என்பாள் அம்மா. அன்று ராத்திரிச் சாப்பாடு கஞ்சியும் சுட்ட கருவாடும். சிம்னி விளக்கு நிற்கவே இல்லை, ஏற்ற ஏற்ற அணைந்தது. பிறகு அம்மாச்சி தீப்பெட்டியை மிச்சம் பிடிக்கச் சொல்லி, இருட்டிலேயே எல்லாரையும் படுக்கவைத்தாள்.

"கால்ல குளிர்ந்துச்சு. தம்பி ஒண்ணுக்குப் போயிட்டான்னு நினைச்சு அவனைத் தள்ளிவிட்டேன்."

அது கடல். கதவிடுக்கு வழியாக வந்திருந்தது. தாத்தா கதவைத் திறக்கப் பார்த்தார், திறக்க முடியவில்லை. பின்பக்கம் ஓலைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு மணல்மேடு. தாத்தா தலைத்துணியை அவிழ்த்து அம்மாவையும் சித்தியையும் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். தம்பி அம்மாச்சியின் இடுப்பில். அவனுக்கு மூன்று வயது. தண்ணீர் வந்தது பெண் கடல் பக்கம் இருந்து. எல்லாரும் பயந்து பழகியது ஆண் கடலுக்குத்தான்.

மேட்டுக்கு ஏறியபோது மூன்று பேர்தான் இருந்தார்கள்.

விடிந்த பிறகு மேட்டில் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்ததாம். யாருடையது என்று தெரியாது. மூன்று நாளும் அது இவர்களை விட்டு நகரவில்லை. ஒரு கதவு நிலை, பூட்டோடு ஒரு டிரங்குப் பெட்டி, கொத்தாகத் தேங்காய் என்று என்னென்னவோ மிதந்து வந்தன. தேங்காயை உடைத்துத்தான் உயிர் பிழைத்தார்கள். டிரங்குப் பெட்டியைத் தாத்தா திறக்கவிடவில்லை. அடுத்தவன் பெட்டியைச் சுமக்கலாம், திறக்கக் கூடாது என்பது போர்ட்டர் தொழிலில் ஊறிய சட்டம். மூன்றாம் நாள் ஒரு வள்ளம் வந்து ஏற்றிக்கொண்டது.

உங்கள் பாட்டிக்கும் அந்தக் குழந்தைக்கும் என்ன ஆனது? அம்மா பார்த்தாரா?

"நான் பார்க்கலை. இருட்டு."

இதற்கு மேல் அம்மா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வருகிறவர்களும் கேட்க வேண்டாம்.

எத்தனை பேர் இறந்தார்கள்?

1,800 என்ற எண்தான் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

ராமேஸ்வரத்தில் தங்கவைத்திருந்தபோது இறந்தவர்களின் பெயரை எழுதிக்கொள்ள ஆட்கள் வந்தார்களாம். தாத்தா இரண்டு பெயர் சொன்னார். அம்மாச்சியின் பெயரை எழுதிக்கொண்டார்கள். தம்பிக்குப் பிறப்புப் பதிவு இல்லை. வீட்டில் பிறந்த பிள்ளை, யார் போய்ப் பதிவார்கள்? தெரிந்தவர்கள் யாராவது சாட்சி சொன்னால் போதும் என்றார்கள். எங்கள் தெருவில் தப்பித்தது இவர்கள் மூன்று பேர்தான். அக்காமார் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள், சாட்சி செல்லாது. ஆக, மாமா எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அவர் இருந்தார் என்பதே எனக்குப் பல வருஷம் தெரியாது. என் தங்கைக்குக் காது குத்தும்போது பூசாரி, "தாய்மாமன் மடியில உட்காரவைங்க" என்றார். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லையே என்று அப்பா வீட்டில் யாரோ சொல்லப்போக, அம்மா சட்டென்று, "ஏன் இல்ல, இருந்தான்" என்றாள். அப்புறம் பெரியப்பா முறையில் ஒருவர் உட்கார்ந்தார், காது குத்தி முடிந்தது. அன்று சித்தியைப் பிடித்துக் கேட்டுத்தான் நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

முன்கூட்டி எச்சரிக்கை வரவில்லையா?

தெற்கு அந்தமான் கடலில் டிசம்பர் 17 அன்று உருவான தாழ்வு, இரண்டு நாளில் புயலாகி, மேற்கே நேர்கோடு மாதிரி வந்தது. 22-ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்தது. நிலத்தைக் கடந்தால் புயல் வலுவிழக்கும் என்பது பொது விதி. இது பெரிதாக வலுவிழக்காமல் அன்றிரவே தனுஷ்கோடியில் ஏறியது. காற்று மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், அலை இருபது அடிக்கும் மேல்.

இலங்கையைத் தாண்டிய புயலுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே அந்தச் சின்னக் கடல்தான். ஊரின் அகலத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும், ஓடுவதற்கு இடம் எது? ஒரு கடலிடம் இருந்து ஓடினால் அடுத்த கடல். அம்மாவின் தெருவில் ரேடியோ வைத்திருந்த வீடு ஒன்றுதான், அதுவும் பாட்டுக்கு.

ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அங்கே இருந்தார்களாமே?

அவர்கள் அப்போது ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டு தப்பித்தார்கள். அம்மா பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பாள், சாவித்திரி படம் என்றால் அவளுக்கு உயிர்.

அங்கே பேய் இருக்கிறதா?

இல்லை.

இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டுமென்றால்: 'பேய் நகரம்' என்று தலைப்புப் போட்டு, இருட்டில் டார்ச் அடித்து, பின்னால் அழுகைச் சத்தம் சேர்த்து வீடியோ போடுகிறவர்கள் என் வீட்டு வாசலுக்கு வராமல் இருப்பது நல்லது. அந்த அழுகைக்குரியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார்கள், சங்குமணி விற்கிறார்கள்.

அம்மா சொல்லும் கதை எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா?

நல்ல கேள்வி, இதுவரை இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். இல்லை, மாறியிருக்கிறது.

1997-இல் நான் கல்லூரியில் படிக்கும்போது நண்பனின் டேப் ரெக்கார்டரை வாங்கி வந்து அம்மாவைப் பேசவைத்து ஒரு கேசட்டில் பதிந்தேன். அதில் அம்மா, "தண்ணி பால் பொங்குற மாதிரி பொங்குச்சு, நுரையா" என்கிறாள். அப்புறம் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது. டிவியில் நாள் முழுக்க நாகப்பட்டினத்தையும் கடலூரையும் காட்டினார்கள், மற்ற நாடுகளில் எடுத்த வீடியோக்களையும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அம்மா ஒரு வாரம் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த வருஷம் யாரோ வந்து கேட்டபோது, "சுவரு மாதிரி எழுந்து வந்துச்சு" என்றாள். அதில் இருந்து எப்போதும் சுவர்தான்.

நான் பல வருஷம் பேசாமல் இருந்தேன். அம்மா பொய் சொல்கிறாள் என்று நான் நினைப்பதாக அவள் நினைத்துவிடுவாளோ என்ற பயம். நான்கைந்து வருஷம் முன்னால் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது போட்டுக் காட்டினேன். தன் பழைய குரலை உன்னிப்பாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "பாலுதான் சரி. சுவரு டிவில பார்த்தது" என்றாள். அத்தோடு திருத்திக்கொண்டாள். இப்போது யார் வந்தாலும் பால்தான்.

புயலில் கடல் ஏறுவதும் சுனாமியில் ஏறுவதும் வேறு வேறு. புயல் காற்று தண்ணீரைத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றும். சுனாமி கடலடி நிலம் அசைந்து கிளம்புவது. நான் விளக்கியபோது அம்மா, "எனக்குக் கால்ல குளிர்ந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

அப்படியானால் வயதானவர்களின் நினைவை எப்படி நம்புவது?

எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. தேதி, மணி, எண்ணிக்கை இவற்றுக்கெல்லாம் பழைய செய்தித்தாளைப் பாருங்கள். சித்தி இன்றும் அது திங்கட்கிழமை என்றுதான் சாதிப்பாள். காலண்டர் செவ்வாய் என்கிறது. ஆனால் கஞ்சிக்குக் கருவாடு, அணைந்து அணைந்து போன சிம்னி, மிச்சம் பிடித்த தீப்பெட்டி இதையெல்லாம் எந்தச் செய்தித்தாளும் எழுதாது. இருவரையும் தனித்தனியாகக் கேட்டபோதும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தின.

என் வீட்டிலும் ஒரு பெரியவர் இப்படி ஒன்றைக் கடந்து வந்திருக்கிறார். நான் எப்படிக் கேட்பது?

என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன். 'அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது' என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? வாசல் எந்தத் திசை பார்த்திருந்தது, அன்று என்ன சாப்பிட்டீர்கள், காலில் செருப்பு இருந்ததா என்று கேளுங்கள். மீதி தானாக வரும், அல்லது வராது.

இரண்டு பேர் இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். கூட உட்காரவைத்தால் மூத்தவர் பேசுவார், இளையவர் தலையாட்டுவார். நடுவில் குறுக்கிட்டுத் தேதியைத் திருத்தாதீர்கள். நான் ஒருமுறை திருத்தப்போய், சித்தி ஆறு மாதம் என்னிடம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. பதிந்த தேதியை முதலிலேயே சொல்லிப் பதிந்துவிடுங்கள். என் கேசட்டில் நான் வருஷம் சொல்லாமல் விட்டுவிட்டேன். நடுவில் ஜன்னல் வழியாகக் கேட்கும் ஒரு சினிமாப் பாட்டை வைத்துத்தான் 1997 என்று நிச்சயம் செய்ய வேண்டியிருந்தது.

இருட்டிய பிறகு கேட்காதீர்கள். கேட்டுவிட்டு நாம் தூங்கிவிடுவோம், அவர்கள் தூங்கமாட்டார்கள்.

புயலுக்குப் பிறகு குடும்பம் என்ன செய்தது?

தனுஷ்கோடி வாழத் தகுதியில்லாத இடம் என்று அன்றைய சென்னை மாநில அரசு அறிவித்துவிட்டது. பாம்பனில் இருந்து அங்கே போன தண்டவாளத்தை மறுபடி போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது, தாத்தாவும் ராமேஸ்வரத்திலேயே பெட்டி தூக்கினார். புயலுக்கு இரண்டு மாதம் முன்னால்தான், 1964 அக்டோபரில், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு. ராமானுஜம் கப்பலில் அவர்கள் வந்து இறங்க இறங்க, தாத்தாதான் பலருக்குப் பெட்டி சுமந்தார். சிலரிடம் கூலி வாங்கியதில்லையாம். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் இதைச் செய்தார் என்று அம்மாவுக்குக் கோபம். அறுபது வருஷத்துக் கோபம், இன்னும் ஆறவில்லை.

மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அடுப்படிக்கு வந்தாள். சித்தியைப் பத்தாவது வரை படிக்கவைத்தது அம்மாதான். 1980-களில் இனப்போர் மூண்டு கப்பல் நின்றது, அதற்குள் தாத்தாவும் போய்விட்டார்.

அம்மா மறுபடி தனுஷ்கோடிக்குப் போனாரா?

ஒரே ஒருமுறை. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு பஸ் நின்றுவிடும், அங்கிருந்து மணலில் வேன் பிடித்துப் போக வேண்டும். அம்மா முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. சாக்கு போயிற்று. அடுத்த வருஷம் சித்தியும் அம்மாவும் நானும் ஆட்டோவில் போனோம்.

வழியில் கோதண்டராமர் கோயில் தெரிந்ததும் இருவரும் கும்பிட்டார்கள். புயலுக்கு நின்ற கோயில் அது. ஊருக்குள் போனதும் அம்மா சர்ச் சுவருக்கு முன்னால் நின்று வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பவளக் கல்லில் கட்டிய சுவர், இன்னும் நிற்கிறது. அதில் இருந்து காலடி எண்ணி வீட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். இருபது இருபத்தைந்து அடி நடந்தாள், அதற்கு மேல் தண்ணீர். "இது இல்ல" என்றாள். சித்தி வேறு பக்கம் கையைக் காட்டினாள். அங்கே சங்கும் பாசியும் விற்கும் கடைகள். கடைசியில் இருவரும் பொரித்த மீன் வாங்கித் தின்றுவிட்டு, விலை அதிகம் என்று திட்டிக்கொண்டே ஆட்டோ ஏறினார்கள். மணல்மேடு எங்கே என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு மேடு அங்கே இப்போது இல்லை.

உங்கள் அம்மாவை நேரில் வந்து பார்க்கலாமா?

வரலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு மணிக்கு முன்னால் வாருங்கள். முதலில் கப்பலைப் பற்றிக் கேளுங்கள், அல்லது ஐயாவின் தலைத்துணி வாசனையை. ரயிலைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று மேலே எழுதிவிட்டேன். பிள்ளைகள் வந்தால் அவள்தான் நிறையக் கேள்வி கேட்பாள்: பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் பெயர் சரியாக இருக்கிறதா என்று. இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அன்றைக்கே உங்கள் அம்மாவுக்குப் போன் போடச் சொல்வாள்.

டிசம்பர் 22 மட்டும் வேண்டாம். அன்று சித்தி வந்துவிடுவாள், இருவரும் கஞ்சி காய்ச்சிக் கருவாடு சுடுவார்கள். வீடெல்லாம் புகையாக இருக்கும்.